ஸ்மாரோவின் தரை

வோலோஸ் துறைமுகத்துக் கூடைப்பந்து அரங்கில் கூரை நகராட்சியுடையது, நாற்காலிகள் சங்கத்துடையவை, தரை ஸ்மாரோவுடையது. அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பலகைகளைத் துடைக்கிறாள். எந்தப் பலகை ஈரத்தைக் குடிக்கும், எது வழுக்கும் என்று அவள் காலுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு லீக் இறுதித் தொடரில் ஏதென்ஸ் அணியோடு மோதல். ஐந்தில் மூன்று வென்றவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்துக்கு முன் சங்கத் தலைவரான புரோத்ரோமோஸ், ஊர்ப் பாதிரியாரை வரவழைத்து, துளசிக் கொத்தால் ஆடுகளம் முழுக்கப் புனித நீர் தெளிக்க வைத்தார். துடைக்கப் போன ஸ்மாரோவை, ஆசீர்வாதத்தைத் துடைக்கக் கூடாது என்று தடுத்தார். இரண்டாம் நிமிடத்திலேயே வோலோஸின் தானாசிஸ் வழுக்கி விழுந்து முழங்காலை முறுக்கிக்கொண்டான். ஆட்டமும் போயிற்று.

தெளிக்கச் சொன்னவரை யாரும் கேட்கவில்லை, துடைப்பவளைக் கேட்டார்கள். அவள் சரியாகத் துடைக்கவில்லை என்று தலைவர் தொலைக்காட்சியில் சொன்னார். இன்னொருவன் வழுக்கினால் வேலை கிடையாது என்று அவளிடம் நேரில் சொன்னார். பள்ளிகளும் பல்கலைக்கழகமும் உள்ள ஊர். தண்ணீர் வழுக்கும் என்பது மட்டும் அன்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தொடர் இரண்டுக்கு இரண்டு என்று வந்து நின்றது. எந்த ஆட்டத்திலும் வித்தியாசம் நான்கு புள்ளியைத் தாண்டவில்லை. ஐந்தாவது ஆட்டம் வோலோஸில். நண்பகலில் மறுபடியும் பாதிரியார் வந்தார். ஸ்மாரோ எல்லைக்கோட்டில் போய் நின்றுகொண்டாள்.

“சாமி, ஆளுங்க மேல தெளிங்க, பெஞ்சு மேல தெளிங்க. பலகை மேல வேணாம். அது ஒரு பாவமும் செய்யல.”

“நம்பிக்கை இல்லாதவ ஓரமாப் போ” என்றார் தலைவர்.

“எனக்கு முட்டி மேல நம்பிக்கை, தலைவரே.”

பாதிரியார் யெராசிமோஸ் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொல்வது நியாயம், தமக்கும் அந்தக் கோப்பை வேண்டும் என்று சொல்லி, கொத்தை நன்றாக நனைத்துத் தலைவரின் புதுக் கோட்டின் மேல் உதறினார்.

அன்று மாலை நான்கு விநாடி மிச்சமிருந்தபோது வோலோஸ் 78, ஏதென்ஸ் 77. வலது மூலையில் இருவர் பந்துக்காகப் பாய்ந்து உருண்டதில் பலகை வியர்வையில் நனைந்திருந்தது. நடுவர் ஸ்மாரோவை அழைத்தார். இனிப் பந்து ஏதென்ஸுடையது. அவர்களுடைய காஸ்திரினோஸ் கடைசிப் பந்தை அந்த மூலையில் நின்றுதான் எறிவான் என்பது ஊருக்கே தெரியும்.

அவள் துணியோடு மண்டியிட்டாள். “அப்படியே விடுக்கா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். முதல் வரிசையில் தலைவர் உள்ளங்கையைத் தாழ்த்தி, போதும் என்று சைகை காட்டினார். அன்று காஸ்திரினோஸ் வழுக்கினால் அவள் வேலை போகாது, அவளையே புனிதையாக்கிவிடுவார்கள். ஆனால் ஏதென்ஸ்காரனுடைய முட்டியும் முட்டிதானே. அழுத்தித் துடைத்தாள். உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தாள். எழுந்து, செருப்பின் குதியை ஊன்றித் திருப்பிப் பார்த்தாள். கிறீச்சென்றது. பிறகுதான் வெளியேறினாள்.

காஸ்திரினோஸ் அங்கேதான் பந்தை வாங்கினான். ஓடிவந்த கால் பலகையைப் பற்றி நின்றது. எம்பி எறிந்தான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. ஊரைக் காக்கும் புனிதர் காப்பாற்றிவிட்டார் என்று ஒலிவாங்கியில் முழங்கியபடியே தலைவர் அவளைக் கட்டிக்கொள்ள வந்தார். ஸ்மாரோ ஓரடி பின்வாங்கினாள்.

“முதல் ஆட்டத்துல தானாசிஸ் விழுந்தது யாரால, தலைவரே? மைக்குலயே சொல்லுங்க.”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். ஊன்றுகோலோடு தானாசிஸ் நின்றிருந்தான். “நானும் கேக்கணும்னு இருந்தேன்” என்றான்.

“தண்ணியால” என்றார் தலைவர். “நான் தெளிக்கச் சொன்ன தண்ணியால. ஸ்மாரோ மேல தப்பு இல்ல.”

அரங்கம் முழுவதும் கேட்டது.