தவிலுக்கு முன்னால் போன பானை

ஐம்பத்தேழோ எட்டோ, வைகாசி மாதம். சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணம். அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நாயனம் வாசிக்க என் மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. ஒத்து ஊத ஒருவர். தாளத்துக்கு ஒருவர். மைக்செட் போட வந்த பாய். மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாளின் தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தவிலுக்கு நான்.

எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இடுப்பு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆத்தூரில் பஸ்ஸிலிருந்து தவிலை இறக்கும்போது பிடித்தது, பிறகு விடவே இல்லை. வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். சுமை தூக்காதே என்றார். தவில்காரனிடம் அதைச் சொன்னால் அவன் என்ன செய்வான். பலா மரத்தில் கடைந்த தவில். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் முழுக்க நடக்க வேண்டும். எனக்கு வேறு வேலை தெரியாது.

அதனால் ஒரு சின்னத் தவில் வாங்கினேன். கரகாட்டக்காரர் ஒருவர் வைத்திருந்தது. கனம் பாதிதான். வலது பக்கம் குறை சொல்ல முடியாது. இடது பக்கத்தைத் தொப்பி என்போம். குச்சியால் அடிக்கிற பக்கம். 'தொம்' என்று கனத்த சத்தம் அதில்தான் வர வேண்டும். வரவில்லை. பெட்டியைத் தட்டியது போல இருந்தது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை பந்தலில் உட்கார்ந்து வாசித்தோம். பின்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். "ஏம்ப்பா, தவுல்காரரு இன்னும் வரலையா?" நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மச்சினன் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டான்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. தொப்பி பேச மாட்டேங்குது. நான் அந்தரத்துல ஊதுற மாதிரி இருக்கு."

"தெரியுது மாப்ள."

"சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அதுலயும் இப்படின்னா, அடுத்த கல்யாணத்துக்குச் சின்னாளபட்டிக்காரரைக் கூப்பிட்டுக்கிறேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

மைக்செட் பாய் மரத்துக்கு அந்தப் பக்கம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முன்பின் பழக்கமில்லாத ஆள். என் வயதுதான் இருக்கும். மச்சினன் போனதும் இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக நிமிர்ந்தார்.

"எனக்கும் இதே எடந்தாண்ணே. லாரி பேட்டரி தூக்கித் தூக்கிப் போயிருச்சு. வாங்க, ஒண்ணு செஞ்சு பார்ப்போம்."

தொப்பிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து அடிக்கச் சொன்னார். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் 'டிக் டிக்' என்றுதான் வந்தது. "குழாயில கீச்சுதான் வரும், தொம்மு வராது" என்றார். பிறகு வண்டியிலிருந்து வட்டமான ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தார். நடுவில் காகிதம் வைத்தது, கனமே இல்லை. அதற்கு மரப்பெட்டி உண்டாம். பெட்டியைத் தூக்க முடியாமல் வீட்டிலேயே விட்டு வந்தாராம்.

சுற்றும் முற்றும் பார்த்தார். சமையல்காரர் பக்கத்தில் பெரிய மண்பானை ஒன்று காலியாக இருந்தது. அதன் வாயில் ஸ்பீக்கரை வைத்தார். முதலில் 'கூ' என்று கத்தியது. மைக்கைத் துண்டால் சுற்றிவிட்டு, "இப்ப அடிங்க" என்றார்.

அடித்தேன். தொம் என்றது. என் பெரிய தவிலில் கூட அப்படி வந்ததில்லை. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து பானையைப் பார்த்தார். "வெஞ்சனம் வைக்கிற பானை ஓய் அது" என்றார். பானையைத் திருப்பிக் கேட்கவில்லை.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம். முன்னால் மாட்டு வண்டி. அதில் ஆம்ப்ளிஃபையர், பேட்டரி, பானை. வண்டிக்குப் பின்னால் நாங்கள். என் தவிலில் கட்டிய மைக்கிலிருந்து வண்டி வரைக்கும் வயர். யாரோ கேட்டார்கள். "வண்டி மேளத்தை இழுக்குதா, மேளம் வண்டியை இழுக்குதா?" சிரித்தார்கள். அது பரவாயில்லை.

தாய்மாமன் வந்து வண்டியை நிறுத்தினார்.

"என்ன மேளக்காரரே இது? வெறும் பானையை முன்னால விட்டு மாப்பிள்ளையைக் கூட்டிப்போறதா? இறக்குங்க அதை."

எனக்குச் சுருக்கென்றது. ஆயுசு முழுக்கக் கல்யாண வீடுகளில் வாசித்தவன். வெறுங்குடம் எதிரே வந்தாலே திரும்பிப் போகிற ஊர்க்காரன். எனக்கு அது தோன்றவே இல்லை. தொம் என்று வந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. பாய் என் முகத்தைப் பார்த்தார். பானையை இறக்கினால் என் பிழைப்பும் அதோடு இறங்கும். மச்சினன் நாயனத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"இறக்கிரலாம் பாய்" என்றேன்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார்.

"என்னலே தகராறு?"

"வெறும் பானை அக்கா."

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "உள்ள என்ன இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. இந்தத் தவுலோட சத்தம்தான். எனக்கு இடுப்பு முடியாது. பெரிய தவுல் தூக்க மாட்டேன்."

அவர் சீர்த்தட்டு தூக்கி வந்த பெண்ணைக் கூப்பிட்டார். பாயை ஸ்பீக்கரை எடுக்கச் சொன்னார். தட்டில் இருந்த நெல்லில் ஒரு கைப்பிடி அள்ளிப் பானைக்குள் போட்டார். ஒரு விரலி மஞ்சளும் போட்டார். பானைக்கு வெளியே மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார்.

"இப்ப வெறும் பானையா?"

"அக்கா, அதுக்குன்னு..."

"ஏலே, நீ சும்மா இரு. மாப்பிள்ளைக்கு நேரமாகுது."

தாய்மாமன் பானையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நம்ம பயலுக்கு முன்னால இதுக்குக் கல்யாணம் ஆயிரும் போல" என்றார். பாய் ஸ்பீக்கரைத் திரும்பப் பானை வாயில் வைத்தார். வண்டிக்காரர் மாட்டைத் தட்டினார்.

அடித்தேன். தொம்மோடு சேர்ந்து நெல் உள்ளே குதித்தது. சலங்கை கட்டியது போலக் கேட்டது. பலமாக அடித்தால் நெல் இரைந்தது. மெல்ல அடித்தால் அடங்கி நின்றது. தெருக்கோடி போவதற்குள் கை பழகிவிட்டது. என் ஆயுளில் அத்தனை மெல்ல வாசித்தது அன்றுதான். இடுப்பு வலித்தது. ஆனால் நிற்க முடிந்தது. மச்சினன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு நீளமாக ஊத ஆரம்பித்தான்.

பெண் வீட்டு வாசலில் மோர் கொடுத்தார்கள். அவன் குடித்துவிட்டு, "மச்சான், அடுத்த கல்யாணத்துக்குப் பானை நம்ம கொண்டு போகணுமா, அங்கயே கிடைக்குமா?" என்றான்.

"பானை இல்லாத ஊரு எது மாப்ள" என்றேன்.

அந்த மாதமே பாய் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்துகொண்டு வந்தார். தகரப் பெட்டி. இரண்டு பக்கமும் பிடி வைத்திருந்தார். எதற்கு இரண்டு என்று கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றுவோம். பேட்டரியை அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

போகிற ஊரில் எல்லாம் நானே கல்யாண வீட்டு அம்மாளிடம் பானையைக் காட்டி, உங்கள் கையால் ஏதாவது போடுங்கள் என்று கேட்டுவிடுவேன். சாணார்பட்டிப் பக்கம் சோளம் போட்டார்கள். சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் வீட்டில் நூல்கண்டு போட்டார்கள். அந்தப் பானை இரைச்சலே இல்லாமல் பேசியது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சித்தையன்கோட்டை அம்மாளை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. ஊர்வலத்தை நிறுத்தி என்னை அனுப்பிவிட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் இடுப்பு கடைசிவரை சரியாகவில்லை. இருந்தும் யாரோ இருவர் எனக்காக யோசித்ததில் என் கை ஓயவில்லை. இப்போதும் சில நாள் அதை நினைத்துக்கொள்வேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நான் வாசித்தது ஒன்பது வருடம்.