ஆயுதபூஜை மத்தியானம் அடிச்ச இன்டர்காம்

பேய்க்கதைன்னு யாராவது ஆரம்பிச்சாலே காதுல ஹெட்போன மாட்டிக்கற ஆளுங்க நான். பிஜி ஹாஸ்டல்ல கரண்டு போனா போதும், கூட இருக்கற புள்ளைங்க ஆரம்பிச்சுடுவாங்க, நான் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்னு யோசிச்சுட்டு இருப்பேன். கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டற பொழப்பு. எது நின்னாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும், தேடினா கெடைக்கும். இந்த ஒண்ணுக்கு மட்டும் இன்னும் கெடைக்கல. நம்பாட்டியும் பரவால்ல, கேளுங்க.

எனக்கு ஊரு ஹனூர் பக்கம், கர்நாடகாதான், ஆனா வீட்டுல தமிழ்தான் பேசுவோம். மைசூர்ல ஹெப்பாள்ல ஒரு சின்ன பார்ட்ஸ் கம்பெனில சிஸ்டம் பாக்கறது நான் ஒருத்திதான், அதுவும் கான்ட்ராக்ட்டு. போன வருஷம் தசரா லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. சர்வர நிறுத்தறதுன்னா அப்பத்தான் நிறுத்த முடியும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. பழசையெல்லாம் காப்பி எடுத்துட்டு, அழிச்சுட்டு, புதுசா ஹைப்பர்வைசர் போடணும். ஒரே பெட்டிக்குள்ள பத்து கம்ப்யூட்டர் ஓடற மாதிரி பண்ற சாஃப்ட்வேர்ங்க அது.

ஆயுதபூஜை அன்னைக்குப் போனேன். மெஷினுக்கெல்லாம் செவந்தி மால போட்டபடி இருக்குது, சத்தமே இல்ல. வீட்டுல இருந்து டிராக்டருக்கு வாழக்கன்னு கட்டின போட்டோ வந்துச்சு, கீழ "நீ வரலையா"ன்னு கூட ஒரு வார்த்தை இல்ல. காலைல இருந்து நான் பேசினதே ஒருத்தர்கிட்டத்தான், கேட்டுல இருக்கற வாட்ச்மேன். "திண்டி ஆய்த்தா மேடம்?"னாரு, டிபன் ஆச்சான்னு. "ஆய்த்து அண்ணா"ன்னு பொய் சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

என்ற பென்டிரைவ்ல இருந்து புதுசு நல்லாத்தான் ஏறுச்சு. அத உருவிட்டு மறுபடி ஆன் பண்ணினா, கறுப்பா ஒரு ஸ்கிரீன், 'கிரப் ரெஸ்க்யூ'ன்னு ஒரே வரி, அதோட நின்னுபோச்சு. கிரப்ங்கறது ஆன் பண்ணின ஒடனே மொதல்ல முழிக்கற குட்டி புரோகிராம், அதுக்கு மீதி எங்க இருக்குன்னு தெரியலைன்னா இப்படித்தான் நிக்கும். பென்டிரைவ மறுபடி சொருகி கிரப்ப மட்டும் திரும்பப் போட்டேன். உருவினேன். அதே வரி. திரும்பத் திரும்ப அதே வரி. மேனேஜர் போன் எடுக்கல. லீவு முடிஞ்சு மெஷின் லைன் ஓடலைன்னா என்ற வேல போச்சு. நம்பமாட்டீங்க, அந்த ஸ்கிரீனப் பாத்து அழுதுட்டேன்.

அப்பத்தான் செவத்தோரம் இருந்த இன்டர்காம் அடிச்சுது.

பொம்பளக் குரல், கொஞ்சம் வயசானவங்க, எங்க ஊர்ப் பேச்சு. மாசக்கணக்கா எங்கூட யாரும் அப்படிப் பேசல.

"கண்ணு, எதுல நிக்குது?"

"கிரப் ரெஸ்க்யூலங்க."

"நீ போட்டதெல்லாம் சரியாத்தான் இருக்குது. அது பழசுல இருந்து கெளம்புது. மூடியக் கழட்டிப் பாரு, உள்ள போர்டுலயே ஒரு பென்டிரைவ் சொருகியிருக்கும். அதப் புடுங்கு."

மேனேஜர் யாரோ தெரிஞ்சவங்கள விட்டுப் பேசச் சொல்லியிருக்காருன்னு நெனச்சேன். "லைன்லயே இருங்க"ன்னு ரிசீவர கீழ வெச்சுட்டு மூடியக் கழட்டினா, இருந்துச்சுங்க, தூசி மூடி, நகம் அளவுக்கு. எதுல இருந்து கெளம்பறதுன்னு சர்வர் காட்டற பட்டியல்ல யூஎஸ்பின்னு ஒண்ணு வந்தப்ப, அது என்றதுன்னே நெனச்சுட்டு இருந்திருக்கேன். புடுங்கிட்டு ஆன் பண்ணினேன். கெளம்பிருச்சு.

சந்தோஷத்துல ஓடிப்போயி ரிசீவர எடுத்தா சத்தமே இல்ல. இன்டர்காம் ஸ்கிரீன்ல 'சர்வீஸ் இல்லை'ன்னு இருக்குது. அப்ப வாட்ச்மேன் கதவத் தட்டி, "மேடம், பெளிக்கேயிந்த போன் சத்தோகிதே, யாவாக பருத்தே?"னாரு. காலைல இருந்து போன் செத்துக் கெடக்கு, எப்ப வரும்னு கேக்கறாரு.

அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. கம்பெனி போன் எக்ஸ்சேஞ்ச் தனி மெஷின் இல்லீங்க, அதுவும் அந்த சர்வருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்தான். அதக் காலைல அழிச்சதே நான். திரும்ப ஏத்தவே இல்ல. எந்த போனும் அடிக்க வழியே கெடையாது.

லீவு முடிஞ்சு வந்த மேனேஜர், யாருகிட்டயும் சொல்லலைன்னாரு. அந்த பென்டிரைவ யாரு சொருகினாங்கன்னும் தெரியல. சர்வர் வாங்கினதே செகண்ட் ஹேண்டு. தமிழ்ப் பொம்பளைங்க யாரும் இங்க சிஸ்டம் பாத்ததில்லைன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. நீயா நெனச்சுக்கிட்டு இருப்பேங்கறான் ஃப்ரெண்டு ஒருத்தன். சரி, இருக்கட்டும். உள்ள இருந்த பென்டிரைவயுமா நானா நெனச்சுக்கிட்டேன்?

இத்தனையும் எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன். அந்தம்மா கடைசியாச் சொன்னத மட்டும் சொன்னதில்ல. நான் ரிசீவர கீழ வெக்கப் போறப்ப சொன்னாங்க, வேலை நெனப்புல "சரிங்க, சரிங்க"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். பஸ்ல திரும்பி வரும்போதுதான் என்ன சொன்னாங்கன்னே மனசுல ஏறுச்சு.

"ஆனதும் ரெண்டு பேரும் போயி சாப்பிடுங்க கண்ணு. உன்ற பின்னால நிக்கற புள்ள காலைல இருந்து நின்னுக்கிட்டே இருக்குது."

நான் அன்னைக்குப் பூரா எனக்கு யாருமே இல்லைன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேங்க.