லெஸ்டரின் இடது காது

ஓஹாயோ மாநிலம் டேட்டனில் நானும் நடீனும் ஒரே பள்ளிச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறோம். அவளுடைய கணவன் லெஸ்டர் ஹாவ்லிக்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பள்ளிப் பேருந்துகளை ரேடியோவில் வழிநடத்தி ஓய்வுபெற்ற மனிதர். நல்லவர்தான், ஆனால் ரேடியோவை எடுத்துவிட்டால் ஆளில் பாதி குறைந்துவிடும்.

அவரிடம் ஸ்கேனர் என்று ஒரு ரேடியோக் கருவி இருக்கிறது. சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் பேச முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். விமானிகளும் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வதை, அதே விமானத்தில் பயணியாக உட்கார்ந்துகொண்டு கேட்பார். இப்படி ஒரு பொழுதுபோக்கா என்று நானும் முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் இவரைப்போல இருபது பேர் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

திருட்டுத்தனமாகக் கேட்கும் பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. வீட்டிலேயே ஒரு அட்டை எழுதி எடுத்துப்போவார்கள். 'என் பெயர் இன்னது, இருக்கை எண் இன்னது, இந்தக் கருவி கேட்க மட்டுமே, அனுமதிப்பீர்களா?' விமானத்தில் ஏறியதும் பணிப்பெண்ணிடம் கொடுத்தால் அவள் கேப்டனிடம் கொண்டுபோவாள். கேப்டன் வேண்டாம் என்றால் கருவி பைக்குள் போய்விடும், பேச்சே கிடையாது. பதில் எழுதப்பட்ட அட்டைகளை லெஸ்டர் ஒரு செருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் கல்யாண ஆல்பம்கூட அவ்வளவு பத்திரமாக இல்லை.

இந்தக் கதைக்கு முன்னால் நடந்த இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்பு, பறந்துகொண்டிருந்தபோது, தன் டிக்கெட்டில் இருந்த அதே எண்ணைச் சொல்லி ஒரு விமானி எஞ்சின் கோளாறு என்பதைக் கேட்டார். பதறி எழுந்து பக்கத்து வரிசைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு அம்மா அலறி, கூச்சல் குழப்பமாகிவிட்டது. ஆனால் டிக்கெட் விற்றது ஒரு கம்பெனி, விமானத்தை ஓட்டியது வேறு கம்பெனி. ரேடியோவில் இவருடைய விமானத்துக்கு வேறு எண். கோளாறான விமானம் எங்கேயோ பறந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து சங்கத்தில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். ஊர்ஜிதமாகாமல் இனி வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டார்.

இரண்டாவது, மூன்று வருடத்துக்கு முன்பு அவர் கழுத்தில் ஒரு கட்டி. நடீனிடம் சங்கத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எட்டு வாரம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்து, ஒரு முன்பின் தெரியாத பெண் வாயால் நடீன் அதைத் தெரிந்துகொண்டாள். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மக்ரோனி கிளறிக்கொண்டே என்னிடம் அழுதாள். "செத்துப்போறதுகூட பரவால்லடி, என்னை அந்நியமா ஒதுக்கி வச்சான் பாரு, அதான் தாங்கல" என்றாள்.

போன ஜனவரியில் மினியாபோலிஸில் பேத்திக்கு ஞானஸ்நானம். பனியில் சாலைகள் மூடிக்கிடந்தன. அறுபத்திரண்டு வயதுவரை விமானம் ஏறாத நடீன் முதல்முறையாக ஏறினாள். ஏறுவதற்கு முன்பே நிபந்தனை போட்டுவிட்டாள்.

"இந்தா பாரு லெஸ், நல்லதோ கெட்டதோ, நீ கேட்டதை அடுத்த நிமிஷம் எங்கிட்ட சொல்லணும். மறைச்சே, திரும்பி வரும்போது நீ தனியாத்தான் வரணும்."

"சத்தியமா சொல்றேன், நடீன்."

அட்டை திரும்பி வந்தது. பின்புறம் கேப்டன் எழுதியிருந்தார்: 'தாராளமாகக் கேளுங்கள். ஒரே நிபந்தனை, கேட்டதை எந்தப் பயணியிடமும் சொல்லக்கூடாது.' அதற்கும் லெஸ்டர் சரி என்று சொல்லியனுப்பினார். ஒரே காலை நேரத்தில் ஒன்றுக்கொன்று முட்டும் இரண்டு வாக்குகள். மனுஷனுக்கு அப்போது அது உறைக்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. நடீன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு இளம்பெண் மடியில் கைக்குழந்தையை வைத்திருந்தாள். இறங்கும் நேரத்தில் அடியில் 'தடக்' என்று சத்தம். "சக்கரம் இறங்குது" என்றார் லெஸ்டர். அடுத்த நொடியே காதில் ஒரு பெண் கேப்டனின் குரல் கேட்டது.

"இறங்குறதை நிறுத்திக்கிறோம். இடப்பக்கச் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கிட்டதுக்கான விளக்கு எரியல."

"சரி. மூவாயிரம் அடிக்கு ஏறுங்க. வலப்பக்கம் வடக்கே திரும்புங்க."

 நம்முடைய விமானமா, வேறு ஏதாவதா? இந்தத் தடவை லெஸ்டர் விமானத்தின் ரேடியோ எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தார். எண் சரியாகவே இருந்தது. ஆனாலும் ஒருமுறை சூடுபட்டவர் அல்லவா, தரைக்குரல் சொன்னபடியே விமானம் திரும்புகிறதா என்று காத்திருந்தார். விமானம் மேலே ஏறியது. வலப்பக்கம் சாய்ந்தது.

"இப்ப இடப்பக்கம் மேற்கே திரும்புங்க" என்றது தரைக்குரல்.

இடப்பக்கம் சாய்ந்தது. இனிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"என்ன ஆச்சு, லெஸ்?"

"ஒண்ணுமில்ல. கூட்டமா இருக்கு, சுத்த விடுறாங்க."

சொல்லி முடிப்பதற்குள் நடீனின் முகம் மாறிவிட்டது. திட்டவில்லை. அவர் முழங்கையில் வைத்திருந்த கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பேசாமல் இருந்த அந்த ஒரு மாதமும் அவள் அப்படித்தான் இருந்தாள். கீழே விழுவதைவிட அந்தக் கை போனதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று பிறகு லெஸ்டர் என்னிடம் சொன்னார்.  

கேப்டனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இவளும் பத்து வருடத்துக்கு முந்தைய அந்த அம்மா மாதிரி அலறினால் என்னாகும் என்ற பயம் ஒரு பக்கம். லெஸ்டர் இடது காதில் இருந்த இயர்போனைக் கழற்றினார். அவள் காதில் தானே மாட்டிவிட்டார்.

"நான் சொன்னது பொய். நீயே கேளு. ஆனா சத்தம் போட்டுடாதே."

நடீன் கேட்டாள்.

"அவசர நிலைன்னு அறிவிக்கிறோம்."

"சரி. உள்ளே எத்தனை உயிர்? எரிபொருள் எவ்வளவு நேரத்துக்கு இருக்கு?"

"ஐம்பது நிமிஷத்துக்கு இருக்கு. எழுபத்தஞ்சு உயிர்." கொஞ்சம் இடைவெளி. "மன்னிக்கணும், எழுபத்தாறு. மடியில ஒரு கைக்குழந்தை."

நடீனிடமிருந்து சத்தம் வரவில்லை. எதிர்ப்பக்கத்துக் குழந்தை தன் காலுறையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அதையும் எண்ணிட்டா, லெஸ்," என்று மெதுவாகச் சொன்னாள். "இவ்வளவு அவசரத்துலயும் எண்ணிட்டா." அவள் கை அவர் முழங்கைக்குத் திரும்பி வந்தது.

ஏழு நிமிடம் கழித்துத்தான் எல்லோருக்கும் அறிவிப்பு வந்தது. ஒரு விளக்கு எரியவில்லை, தீயணைப்பு வண்டிகளைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், சொல்லும்போது குனிந்துகொள்ளுங்கள். யாரோ ஜெபம் செய்தார்கள். யாரோ அழுதார்கள். அந்தக் குழந்தையின் அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தாள். நடீன் எட்டி அவள் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுக் குனிந்தாள்.

வலப்பக்கச் சக்கரம் தரையைத் தொட்டது. இடப்பக்கம் இன்னும் காற்றில். லெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். மெல்ல, மெல்ல, இடப்பக்கமும் இறங்கியது. இறங்கி, மடங்காமல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். விளக்குதான் கெட்டிருந்ததாம், சக்கரத்துக்கு ஒன்றும் இல்லையாம்! விமானத்தை நிலையக் கட்டடம்வரை இழுத்துச்செல்ல முக்கால் மணி ஆயிற்று.

இறங்கும்போது விமான வாசலில் கேப்டன் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். முகம் வெளுத்திருந்தது. லெஸ்டர் நேராக அவரிடம் போய் அட்டையை நீட்டினார்.

"நான் வாக்கு மீறிட்டேன், மேடம். ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். இனி கேக்கமாட்டேன்."

கேப்டன் அட்டையைப் பார்த்தார், நடீனைப் பார்த்தார்.

"இவங்ககிட்டயா?"

"என்கிட்டதான்," என்றாள் நடீன். "சத்தம் போடல. நீங்க அந்தக் குழந்தையை எண்ணினதைக் கேட்டேன். அதுக்கப்புறம் எனக்குப் பயமே வரல."

கேப்டனின் கண் கலங்கியது. அட்டையை மடித்து லெஸ்டரின் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார். "நல்லவேளை, என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் கேக்காது," என்று சிரிக்கப் பார்த்தார். "அவர்கிட்ட நான் சொல்லப்போறதே இல்ல. பயந்துடுவாரு."

நடீனுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. எழுபத்தாறு உயிரைக் காப்பாற்றிய பெண் என்றும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடும் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் பேசினாள்.

"சொல்லிடும்மா. இன்னிக்கே சொல்லிடு. நாளைக்கு வேற எவ வாயாலயாவது கேட்டார்னு வச்சிக்கோ, அவர் பயப்படமாட்டார். நொறுங்கிப் போயிடுவார்."

பின்னால் வந்தவர்கள் நெருக்க, இருவரும் இறங்கிவிட்டார்கள்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தபோது, ஆளில்லாத ஒரு ஜன்னலோரம் அந்தக் கேப்டன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தார். லெஸ்டர் பார்க்காததுபோல் கடந்துவிட்டார். நடீன் வேண்டுமென்றே நடையைக் குறைத்தாள்.

"நான் நல்லா இருக்கேன், முதல்ல நீ உக்காரு," என்றது காலையில் காதில் கேட்ட அதே குரல். "உக்காந்துட்டியா? இப்ப சொல்றேன்."