தேருக்கு முதுகு காட்டியவர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு, எங்கள் வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்தவர் மார்க். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. கல்லூரியில் நான்கு வருடம் அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவனை எதிரணி நெருங்காமல் மறித்து நிற்பதுதான் இவர் வேலையாம். முழங்கால் போனதும் ஆட்டமும் போனது. ஒருமுறைகூடப் பந்தோடு ஓடியதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

"சும்மா நிக்கிறதுக்கா இவரை டீம்ல வெச்சிருந்தாங்க?" என்று என் மனைவி காதைக் கடித்தாள்.

அல்சூர் தேருக்கு அவரையும் கூட்டிப்போனோம். நாங்கள் முன்வரிசையில் நின்றோம். தேர் அசைந்ததும், வேண்டிக்கொண்டு அதன்மேல் வாழைப்பழம் எறியக் கூட்டம் பின்னாலிருந்து பாய்ந்தது. அந்த நேரம் பார்த்து, கீழே விழுந்த பழத்தை எடுக்க என் மகள் குனிந்தாள்.

"ஐயோ, பாப்பாவ மிதிச்சிடுவாங்க!" மனைவி அலறினாள்.

மார்க் எப்போது திரும்பினார் என்றே தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, அந்தப் பழுதான முழங்காலை மடித்து, கைகளை நெஞ்சுக்கு நேரே விரித்து நின்றார். யாரையும் தள்ளவில்லை. வந்த கூட்டம் அவர்மேல் மோதி, இரண்டாகப் பிரிந்து போனது. அவர் முதுகுக்குப் பின்னால் என் மகள் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

தேர் கடந்தபோது எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், தேர் இருந்த பக்கம் திரும்பாமலே.