சின்னம்மாவின் இடது கண்

பால் மா தீர்ந்துபோன பிறகும் சின்னம்மா குழந்தைகளின் காலிப் பால் போத்தல்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பதை நிறுத்தவில்லை. வட்டகொடைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவை அவர்தான் பார்த்துக்கொண்டார். என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்து இளவட்டங்களில் அவர் குண்டி கழுவிவிடாத ஒருவரும் கிடையாது.

அந்த வருடம் நாட்டில் எதுவும் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை, கேஸ் இல்லை, மருந்து இல்லை. பெட்ரோல் இல்லாததால் நான் படிப்பித்த பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. கொழும்பில் சனம் வீதியில் இறங்கி, ஆட்சியில் இருந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கத்தியது. லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் பாலும் சீனியும் இல்லாத தேயிலைச் சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதன. பிள்ளைகளை எடுக்க வந்த தாய்மாரிடம் ஒரு மாலை சின்னம்மா சொன்னார்: "நாளைக்கு மலைக்குப் போக வேணாம். ஆளுக்கொரு காலிப் போத்தல எடுத்துக்கிட்டு டவுனுக்கு வாங்க. ரோட்ல உக்காருவோம்."

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஓடி வந்தார். "கவுர்மெண்டோட மோதுறதுக்கு நாம யாரு? அடி விழுந்தா என்கிட்ட வரக் கூடாது."

"மோதப் போகல தலைவரே. புள்ளைக்குப் பசிக்குதுன்னு சொல்லப் போறோம். ஒங்ககிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருச்சு."

மறுநாள் நானும் போனேன். டவுனில் சிங்களப் பேக்கரிக்கார அம்மா, "அக்கே, வாடிவென்ன" என்று சாக்கை விரித்து எங்களை உட்காரவைத்தார். ஒரு முஸ்லிம் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். தோட்டக்காட்டார் என்று எங்களை ஓரமாக நிறுத்தியே பழகிய டவுன் அது. அன்று நடுரோட்டில் எங்களுக்கு இடம் விட்டது. சின்னம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு பொலிஸ் வந்தது. யாரும் கல் எறியவில்லை. இதை நான் எங்கும் சொல்வேன். கண்ணீர்ப்புகை எழுந்ததும் கூட்டம் சிதறியது. எங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு தடுக்கி விழுந்தாள். சின்னம்மா குழந்தையைத் தூக்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டார். இரண்டு கைகளும் குழந்தையிடம் இருந்தன. முகத்துக்கு நேரே பறந்து வந்த புகைக்குண்டைத் தடுக்கக் கை இல்லை.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "இஞ்ச மருந்து ஒண்டும் இல்லையம்மா. கண்டிக்குக் கொண்டு போகோணும்." அம்புலன்சுக்கு டீசல் இல்லை. ஊரெல்லாம் கெஞ்சிப் பெட்ரோல் சேர்த்து, அடுத்த நாள் ஓட்டோவில் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது கண் சீழ் பிடித்திருந்தது. எடுத்துவிட்டார்கள். இல்லாமையைச் சொல்லப் போனவருக்கு, அந்த இல்லாமையாலேயே கண் போனது.

அவர் அங்கே கட்டிலில் கிடந்தபோதுதான் ஆட்சி விழுந்தது. வெளியே பட்டாசு.

"என்னடி சத்தம்?"

"ஆட்சி போயிருச்சு சின்னம்மா."

"பால் மா வந்துருச்சா?"

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

சில மாதங்களில் பால் மா வந்தது. சின்னம்மாவுக்குத்தான் பிள்ளைக் காம்பராவில் இடமில்லாமல் போயிற்று. தாய்மாரே முறைப்பாடு செய்கிறார்கள் என்றார் தோட்டத்தை நடத்தும் தொரை. நம்பாமல் வீடு வீடாகக் கேட்கப் போனோம். கடைசி வீட்டுப் பெண் வாசலை விட்டு நகராமல் பேசினாள். "தப்பா நெனைக்காதீங்க அக்கா. ஒங்க மொகத்தப் பாத்தா புள்ள வீறிட்டு அழுவுது." அவள் இடுப்பில் இருந்தது அதே குழந்தை. கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. சின்னம்மா அதைத் தொடுவதற்கு நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

தலைவர் இப்போது மேடைகளில் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார். பெண்களைத் தானே அழைத்துப் போனதாகச் சொல்கிறார். அன்று ரோட்டில் இருந்த பெண்களும் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறார்கள்.

இந்தப் பொங்கலுக்கு நான் கேட்டேன்: "திரும்ப அப்படி ஒரு காலம் வந்தா போவீங்களா சின்னம்மா?"

"போவேன்" என்றார் யோசிக்காமல். அடுப்பில் விறகைத் தள்ளி எரியவிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா இவளுக யாரையும் கூப்புட மாட்டேன்."