நோன்பு மாதத்தில் திறந்த வகுப்பறை

கல்முனைப் பெரிய வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒருநாள் நடந்து பாருங்கள். இடது பக்கம் மூன்று மாடி வைத்த புடவைக்கடை நான் கட்டியது. அதற்கு அப்பால் மீன் ஏலம் கூறும் கொட்டிலின் கொங்கிறீட் தளம் நான் போட்டது. கடல் வந்து ஊரைத் துடைத்துக்கொண்டு போன பிறகு எழும்பிய வீடுகளில் எங்கள் பக்கத்து வரிசை முழுவதும் என் கல்வாடியில் அச்சில் அறுத்த சீமெந்துக் கல். பொத்துவிலில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதிகளுக்குக் கல் ஏற்றிப்போன முதல் லொறி என்னுடையது. என் பெண் பிள்ளைகள் நாலு பேருக்கும் நாலு வீடு கட்டிக் கொடுத்தேன். அதற்காக எவன் வீட்டு வாசல் கடப்பிலும் போய் நிற்கவில்லை. மேசனுக்குக் கையாளாக மணல் சுமந்தவன்தான் இதையெல்லாம் செய்தான். என்னை ‘ரெண்டாம் வகுப்பு’ என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டுச் சிரித்த ஆட்கள் இன்றைக்கு நான் போட்ட கூரையின் கீழேதான் படுத்து எழும்புகிறார்கள்.

இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்வதைப் பெருமை என்று நினைப்பீர்கள். ஓம், பெருமைதான். நான் எழுதியதை என் மூத்த மகள் திருத்தித் தந்தாள். எழுத்துப் பிழையைத் திருத்து, பெருமையில் கை வைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது என் கட்டடங்களிலேயே மிகச் சின்னதைப் பற்றி. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தின் பின்மூலையில் இருக்கும் ஒற்றை அறை அது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கட்டியது.

ஏன் அந்த வகுப்புகள் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவும்தான். நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்போம். எனக்கு வலப்பக்கம் இருந்தவன் ஒரு வேதக்காரப் பொடியன், கிறிஸ்தவன். அவன் இடது கையால் எழுதுவான். என் முழங்கையும் அவன் முழங்கையும் நாள் முழுக்க இடித்துக்கொள்ளும். ஒருவன் எழுதி முடிக்க மற்றவன் எழுதுவது என்று கடைசியில் நாங்களே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். பிறகு வரிப்பத்தான்சேனையில் வாப்பாவின் வயலுக்குக் குருவி விரட்ட என்னை அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. இன்றைக்கும் நான் எழுதக் குந்தினால் வலப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் குந்துவேன்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடம் முஸ்லிம் பள்ளிக்கூடம். அதன் பின்மதிலுக்கு அடுத்த பக்கம் தமிழ்த் தெரு. சைவமும் வேதமும் கலந்த தெரு அது. அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பெரிய வீதிக்கு மற்றப் பக்கம் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகளை பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு தாய்மார் கடப்பதைக் காலையில் பார்த்தால் நெஞ்சு பதறும். சின்ன வகுப்பு இரண்டையும் இங்கேயே படித்தால் என்ன என்று கேட்டேன். இந்தப் பக்கமும் சிரித்தார்கள், அந்தப் பக்கமும் சிரித்தார்கள். நான் அத்திவாரம் வெட்டினேன். அறையைக் கட்டி, பின்மதிலை உடைத்து, தமிழ்த் தெருவுக்கு நேரே ஒரு கடப்பும் வைத்தேன். நாலு பிள்ளைகள் சுற்றியிருக்கும் வட்ட மேசைகளை ஓடாவியைக் கொண்டு செய்வித்தேன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு என்று இருக்கட்டும் என்பது என் கணக்கு. எந்தப் படித்தவனும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

அங்கே படிப்பிக்க வந்த டீச்சர் ஒரு வேதக்காரப் பெண். மெலிந்த ஆள், சத்தம் போடத் தெரியாது. குடும்பத்தைப் பற்றிய பாடத்தில் புத்தகம் அப்பா, அம்மா என்றுதான் சொல்லும். இவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் நீ வீட்டில் எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டு, வாப்பா, அப்பா, டடா, உம்மா, அம்மா எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்து எழுதினார்கள். மறுநாள் வள்ளத்துக்குப் போகிற ஒரு தகப்பன் கடப்படியில் வந்து நின்றார்.

“டீச்சர், இவன் ராவுலயிருந்து என்ன வாப்பா எண்டு கூப்பிடுறான். நான் தொப்பி வாங்கவா, என்ன செய்ய?”

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நானும் அங்கே நின்றேன். அப்படி ஒரு சிரிப்பு அந்த மதிலடியில் திரும்பக் கேட்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காது என்றுதான் நினைக்கிறேன்.

சில வருடங்கள் இப்படியே நடந்தன. நடந்தது என்றால் முழுதாக நடக்கவில்லை. முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு நோன்பு மாதம் லீவு. அதற்கு ஈடாக, மற்றப் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும் சித்திரையில் நாங்கள் திறந்திருப்போம். தமிழ்த் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டும் நட்டம். நோன்புக்குப் பள்ளிக்கூடம் பூட்டு. சித்திரையில் வருடப்பிறப்புக்கு அவர்கள் குடும்பத்தோடு நாவிதன்வெளிப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். இடியப்பம் அவித்து விற்கிற ஒரு தாய்தான் அதை முதலில் என்னிடம் சொன்னாள். அவளுடைய மகளும் என் பேத்தியும் ஒரே மேசை.

“காக்கா, நோன்புக்கு நீங்க பூட்டுறீங்க. வருசத்துக்கு நாங்க போறம். ரெண்டு மாசம் இப்படிப் போனா என்ட புள்ள எப்ப எழுத்துக் கூட்டுற? அடுத்த தவணைக்கு நான் றோட்டுக்கு அங்கால கொண்டுபோய்ச் சேக்கப்போறன்.”

ஒரு பிள்ளை போனால் எல்லாப் பிள்ளையும் போகும். எனக்கு அது வடிவாகத் தெரியும். கொஞ்சம் பொறு தங்கச்சி என்று சொல்லிவிட்டு நேரே அதிபரிடம் போனேன். நோன்பு மாதத்தில் அந்த ஒரு அறையை மட்டும் திறந்து, அந்தப் பிள்ளைகளை டீச்சர் படிப்பிக்கட்டும் என்றேன். அதிபர் நல்ல மனுஷன். சரி என்றார். டீச்சரும் சரி என்றார். எங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். அது குர்ஆன் ஓதப் போகிற மாதம், விடியமுன் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பிய பிள்ளை காலையில் தூங்க வேண்டும் என்றார்கள். அதுவும் சரிதான். என் மகளே அனுப்பவில்லையே.

அந்த மாதம் ஒவ்வொரு காலையும் நான் போய்ப் பூட்டைத் திறந்து, நோன்போடு வாசற்படியில் கதிரை போட்டுக் குந்தியிருந்தேன். பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் என் நோன்பை மதித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாங்களாகத்தான்.

“என்னப் பாத்துச் சாப்பிடுங்க மனெ” என்றேன். “நீங்க பாத்துத் திண்டா எனக்கு நன்மை இன்னும் கூட.”

டீச்சர் முதலில் பாட்டும் படம் கீறுவதுமாகத்தான் நடத்தினார். மற்றப் பிள்ளைகள் வரும் வரைக்கும் புத்தகத்தைத் தொடாமல் இருப்போம் ஹாஜியார் என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த பிள்ளைக்கு எழுத்தைக் கொடுங்கள், எழுத்துக்காக ஏங்கியவன் சொல்கிறேன் என்றேன். தாய்மாரும் கடப்படியில் நின்று அதையேதான் கேட்டார்கள். டீச்சர் புத்தகத்தை எடுத்தார். பிள்ளைகள் குறைவு, டீச்சரின் கண் ஒவ்வொன்றின் மேலும் இருந்தது. மாதம் முடிவதற்குள் அந்தப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். வாசற்படியில் இருந்து அதைக் கேட்டபோது, மூன்று மாடி எழும்பியபோதுகூட எனக்கு வராத சந்தோசம் வந்தது.

பெருநாள் முடிந்து எங்கள் பிள்ளைகள் புதுச் சட்டை வாசத்தோடு வந்தார்கள். அன்றைக்கும் நான் போயிருந்தேன். இடியப்பக்காரியின் மகள் புத்தகத்தை விரித்து, பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி வாசித்தாள். பக்கத்தில் என் பேத்தி. அவளுக்குப் படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள் தன் உள்ளங்கையை விரித்து அந்தப் புத்தகப் பக்கத்தின் மேலே வைத்து மூடினாள்.

“நாங்க இல்லாத நேரம் ஏன் படிச்ச?”

“ஒன்ட மூத்தப்பாதான் தொறந்து வச்ச” என்றாள் மற்றவள். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பின்னுக்கு நின்ற பிள்ளைகளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் அல்லவா? டீச்சர் எங்கள் பிள்ளைகளை வேறு மேசைகளுக்கு மாற்றினார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். அதைக் கண்டு ஒரு தகப்பன் சந்தியில் வைத்து, நாலு பேர் கேட்க, என்னிடம் கதைத்தார்.

“நோன்பு புடிக்கிற வீட்டுப் புள்ள பின்னுக்கு, மத்தப் புள்ள முன்னுக்கு. இதுக்கா ஹாஜியார் நீங்க அறை கட்டித் தந்த?”

சந்தியில் ஒருவன் என்னிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்திரை வந்தது. தமிழ்த் தெருப் பிள்ளைகள் வருடப்பிறப்புக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் திறந்திருந்தது, அறையில் எங்கள் பிள்ளைகள் மட்டும். தகப்பன்மார் வந்து வந்து பார்த்துவிட்டுப் போக, டீச்சர் பிள்ளைகளுக்கு விட்ட வாசிப்பைப் படிப்பித்து முடித்து, கழித்தல் கணக்குக்கும் போய்விட்டார். போயிருந்த பிள்ளைகள் பலகாரப் பையோடு திரும்பி வந்து பார்த்தால் பலகையில் அவர்களுக்கு விளங்காத கணக்கு. இந்த முறை இடியப்பக்காரி என்னிடம் வரவில்லை. அதிபரிடம் போய், வருடப்பிறப்புக்குப் போன குற்றத்துக்கா பிள்ளையைப் பின்னுக்கு விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

நான் மேசைகளைப் பழையபடி மாற்றச் சொன்னேன். ஒருநாள் நானே கதிரைகளைத் தூக்கி மாற்றியும் வைத்தேன். பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் ஒரு மேசையிலேயே இரண்டு பேர் ஒரு பக்கத்தையும் இரண்டு பேர் வேறு பக்கத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒருவர் புத்தகத்தை மற்றவர் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு இருந்தார்கள். என் காலத்தில் நாங்கள் இடித்துக்கொண்டோம், மறைக்கவில்லை. கொஞ்ச நாளில் அதிபர் ஒரு சத்தமும் இல்லாமல் காலையில் ஒரு பக்கம், இடைவேளைக்குப் பிறகு மற்றப் பக்கம் என்று நேரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் அதற்கு நன்றி சொன்னார்கள்.

டீச்சருக்கு வருட முடிவில் இடமாற்றம் வந்தது. அவரே கேட்டு வாங்கினார் என்று சொல்கிறார்கள். போகிற அன்று சாவியை என் கையில் தந்தார்.

“ரெண்டு பக்கமும் நல்லாத்தான் படிச்சாங்க ஹாஜியார். ஒண்டாத்தான் படிக்கல்ல.”

அடுத்த வருடம் தமிழ்த் தெருவில் இருந்து ஒரு பிள்ளையும் சேரவில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கல் எறியவில்லை, ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. சண்டை என்றால் எனக்குச் சமாதானம் பேசத் தெரியும், ஊரில் எத்தனை பேசியிருக்கிறேன். இதற்கு யாரிடம் போய்ப் பேசுவது? அவர்கள் மாதம் அவர்களுக்கு, எங்கள் மாதம் எங்களுக்கு. யாரிடமும் பிழை இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது. தாய்மார் மறுபடியும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெரிய வீதியைக் கடக்கிறார்கள். என் பேத்தி அந்தப் பிள்ளையைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். மேசையைப் பற்றிக் கேட்டால், எந்த மேசை மூத்தப்பா என்கிறாள். ஏழு வயதில் மறந்தது எழுபது வயதில் நினைவு வரப்போகிறதா?

போன மாதம் கடப்பை அடைத்துவிட்டார்கள். ஆடு மாடு வருகிறதாம். போய்ப் பார்த்தேன். என் கல்வாடிக் கல். அச்சின் ஒரு மூலை உடைந்திருப்பதால் என் கல்லில் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் விழும், எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். இப்போது கல்வாடியைப் பார்க்கிற என் மருமகன்தான் எதற்கு என்று கேட்காமல் விற்றிருக்கிறார். கட்டு நேராகக்கூட இல்லை. நான் கட்டியிருந்தால் நேராக வந்திருக்கும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆண்டு மலர் போடுகிறார்கள். அதன் அச்சுப்படியை என் மருமகன் கொண்டுவந்து காட்டினார். அந்த அறைக்கு ‘நலன்விரும்பிகளின் உதவியுடன்’ என்று ஒரு வரி. யார் நலன்விரும்பி? எவன் மண் அள்ளினான்? அந்த அறையில் யார் யார் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மலர் போடுகிறவர்களிடம் கேட்டதற்கு, முடிந்துபோன கதையை ஏன் ஹாஜியார் என்றார்கள்.

முடிந்துபோனது என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். நடந்துகொண்டிருந்தால் பார்க்கிறவன் பார்த்துக்கொள்வான். இனி அந்த மலரைப் படிக்கிற பிள்ளை, இந்த ஊரில் இரண்டு தெருப் பிள்ளைகள் ஒரு மேசையில் இருந்து எழுத்துப் படித்தார்கள் என்பதை வேறு எங்கே போய் அறியும்? மதிலைப் பார்த்து அறியுமா?

ஆகவே மலர் போடுகிறவர்கள் கேளுங்கள். அறையைக் கட்டியவன் நான். மதிலை உடைத்துக் கடப்பு வைத்தவன் நான். நோன்பு மாதத்தில் பூட்டைத் திறந்து, எழுத்தைக் கொடுங்கள் என்று சொன்னவனும் நான். நல்லது என்று எழுதுவீர்களோ கெட்டது என்று எழுதுவீர்களோ, அது உங்கள் விருப்பம். ஒன்றை எழுதி மற்றதை விடக்கூடாது. மூன்றையும் எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள்.