எஞ்சினைக் கிளப்பும் முறை: இரண்டாம் அறிக்கை

எனக்கு இங்கிலீஷ் எழுத வரும் என்ற கர்வம் அந்த வயதில் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஜார்ஜ் டவுனில் எங்கள் டத்தோ கிராமாட் பக்கம் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், யாருக்காவது சம்பள உயர்வு வேண்டுமென்றாலும், மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். "மிகுந்த பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கம் நிற்காமல் ஓட்டிவிடுவேன். பொறியியல் வகுப்பிலும் அந்தத் திமிரோடுதான் போய் உட்கார்ந்தேன்.

வாரம் முழுக்கக் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் பயிற்சி வேலை. சனிக்கிழமை மதியம் ஃபெரி பிடித்து ஜார்ஜ் டவுன் வந்தால், கடலோரத்தில் ஒரு பழைய கிடங்கில் வகுப்பு. நாங்கள் எட்டுப் பேர். மூன்றாம் வருஷக் கடைசியில் ஆளுக்கொரு இயந்திரத்தைக் கொடுத்து, ஒரு மாதம் அதோடு பழகிவிட்டு அதைக் கிளப்பும் முறையை எழுதச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தது ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின்.

எங்கள் வாத்தியார் முன்பு கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். எழுதியதைச் சிவப்பு மையால் திருத்துகிற வழக்கமே அவருக்கு இல்லை. நான் எழுதியதை அந்த இயந்திரத்தைத் தொட்டே இராத இன்னொரு மாணவனிடம் கொடுப்பார். அவன் காகிதத்தில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும். எழுதியவன் சுவரோரமாக வாய் திறக்காமல் நிற்க வேண்டும், வாய் திறந்தால் தோல்வி. ஆளுக்கு இரண்டு தடவைதான். இரண்டும் போனால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும், அதற்குப் பட்டறையில் சனிக்கிழமை லீவு தரவே மாட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் ஆயுசுக்கும் ஃபிட்டராகவே கிடக்க வேண்டியதுதான்.

என் காகிதம் வகுப்பில் எனக்கு நெருங்கிய கூட்டாளிக்குப் போயிற்று. விடிந்ததும் தன் வாப்பாவின் கடையில் தேத்தண்ணி ஆற்றிவிட்டு, மதியம் வகுப்புக்கு வருகிறவன். நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், எஞ்சினுக்கு எழுதுனியா, கவர்னருக்கு எழுதுனியா? இதுல எஞ்சின் எங்க லா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவன் படித்துப் படித்துப் பெட்ரோலைத் திறந்தான், எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்தான், குனிந்து, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைப் பிடித்தான்.

அப்போதுதான் அந்த லீவர் என் கண்ணில் பட்டது. தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுகிற லீவர் அது. கிளப்பும்போது கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் தீப்பொறி முந்திக்கொண்டு ஹேண்டில் பின்பக்கமாக உதைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் என் இடது கை தானாகவே போய் அதை இறக்கிவிடும், அதனால் எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது அது மேலே இருந்தது. சொன்னால் இந்தத் தடவை தோல்வி. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் அவன் சுற்றிவிட்டான்.

ஹேண்டில் உதைத்த சத்தமும் அவன் "அல்லாவே" என்று உட்கார்ந்ததும் ஒன்றாகவே நடந்தன. எலும்பு முறியவில்லை. வலது மணிக்கட்டு வீங்கி, கட்டுப் போட்டார்கள். வெட்கத்தில் அன்று ஃபெரியில் யார் முகத்தையும் பார்க்காமல் பிறைக்குத் திரும்பினேன்.

மறு வாரம் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மாலை லீவு வாங்கிக் கிடங்குக்கு ஓடினேன். எஞ்சின் முன்னால் நின்று, ஒரு கையால் வேலை செய்து மறு கையால் எழுதினேன். அடடா, அந்தப் பரபரப்பை எப்படிச் சொல்வது! என் கைகள் பதினோரு காரியம் செய்துகொண்டிருந்தன, நான் எழுதியிருந்ததோ ஆறு. ஹேண்டிலைப் பிடிக்கும்போது, உதைத்தால் மாட்டாதபடி கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கிறேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பணிவையும் சமர்ப்பணத்தையும் அடித்துத் தள்ளினேன். "சற்று" என்று எழுதிய இடத்தில் "இரண்டு சுற்று" என்று எழுதினேன். நான்கு பக்கம் முக்கால் பக்கமாகச் சுருங்கியபோது எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு வரியை மட்டும் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

சனிக்கிழமை வாத்தியார் வேறொருவனைக் கூப்பிட்டார். கூட்டாளி முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் சார் ஓட்டுவேன். இடது கை சும்மாதானே இருக்கு."

வாத்தியார் தலையசைத்துக் காகிதத்தை அவனிடமே கொடுத்தார். சத்தமாகவே படித்தான். மூன்றாவது வரியில் லீவர் வந்தது. "இதை இறக்காமல் சுற்றினால் ஹேண்டில் பின்னுக்கு உதைக்கும். முதல் சோதனையில் எழுதியவர் இதைக் குறிப்பிடவில்லை. சுற்றுமுன் கவனித்தார், கவனித்தும் சொல்லவில்லை. ஓட்டியவரின் மணிக்கட்டு காயப்பட்டது."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கூட்டாளியும் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவன் திரும்பி லீவரைக் கீழே இறக்கினான். நான்காவது வரியைப் படித்தான்.

இடது கையால் இரண்டு சுற்று. எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது, தரை அதிர்ந்தது, பையன்கள் மேசையைத் தட்டினார்கள்.

காகிதத்தின் அடியில் ஓட்டியவன் கையெழுத்துப் போட வேண்டும், இந்தக் காகிதத்தை மட்டுமே நம்பி ஓட்டியதாக. கை ஆறியபிறகு போடலாம் என்றார் வாத்தியார்.

"இப்பவே போடுறேன் சார்," என்று இடது கையில் பேனாவை வாங்கினான். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. நான் சுவரோரமாகவே நின்று எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.